தன்னைக் கேட்கக் கற்பித்த ஆசான்

இசை பயிலும் குழந்தை ஒன்று மேடையேறிப் பாடுகிறது. பாட்டு முடிந்ததும் அரங்கு கைதட்டுகிறது. பெற்றோர் உச்சி முகர்கிறார்கள், உறவினர் பாராட்டுகிறார்கள். இவை யாவும் அடங்கிய பிறகு அக்குழந்தையின் உள்ளத்தில் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது: நான் உண்மையில் எப்படிப் பாடினேன்? இந்தக் கேள்விக்குப் பிறருடைய முகத்தில் விடை தேடும் மாணவன் புகழுக்கும் இகழுக்கும் இடையே அலைக்கழிகிறான். தன் செவியிடமே விடை தேடக் கற்றவன் வளர்கிறான். அப்படித் தேடக் கற்பிப்பது எளிய செயலன்று. கற்பிக்கும் ஆசான் முதலில் தன்னையே கண்டிப்புடன் கேட்டவராக இருத்தல் வேண்டும்.

அத்தகைய ஆசான்களுள் ஒருவர் உஸ்தாத் அலாவுதீன் கான். பண்டிட் ரவிசங்கர், உஸ்தாத் அலி அக்பர் கான், அன்னபூர்ணா தேவி, நிகில் பானர்ஜி, புல்லாங்குழல் மேதை பன்னாலால் கோஷ் எனப் பாரத இசையின் பெருமைக்குரிய பலரை உருவாக்கியவர் அவர். மாணவர்கள் அவரைப் பாபா என்று அன்புடன் அழைத்தனர்.

ஓடிப்போன சிறுவன்

அன்றைய கிழக்கு வங்காளத்தில், பிராமண்பாடியாவுக்கு அருகிலுள்ள சிப்பூர் என்ற சிற்றூரில் பிறந்தார் அலாவுதீன். தந்தை சாது கான் இசையில் ஈடுபாடு கொண்டவர். தமையன் ஆப்தாபுதீனும் இசைவாணர். பக்கிரி என மக்களால் போற்றப்பட்டவர். வீட்டில் ஒலித்த இசை சிறுவனைப் பித்தாக்கியது. பள்ளிப் பாடத்தில் மனம் ஒட்டவில்லை. ஒருநாள் வீட்டை விட்டு ஓடினான். அலைந்து திரிந்து கல்கத்தாவை அடைந்தான். அன்னசத்திரத்தில் கிடைத்ததை உண்டு, கங்கை நீரைப் பருகி, திண்ணைகளில் உறங்கி அம்மாநகரில் நாட்களைக் கழித்தான்.

அங்கே நூலோ கோபால் என அழைக்கப்பட்ட பாடகர் அவனை மாணவனாக ஏற்றார். அவர் விதித்த நிபந்தனை கடுமையானது. பன்னிரண்டு ஆண்டுகள் ஸ்வரப் பயிற்சி மட்டுமே செய்ய வேண்டும். அதன் பிறகே பாட்டு. சிறுவன் அதற்கு இசைந்தான். நாள்தோறும் தம்பூராவின் சுருதியில் ஏழு ஸ்வரங்களையும் மாற்றி மாற்றி அடுக்கிப் பாடினான். ஏழு ஆண்டுகள் இவ்வாறு கழிந்த நிலையில் குரு திடீரென மறைந்தார். துயருற்ற சீடன் இனி வாய்ப்பாட்டு வேண்டாம் என்று உறுதி பூண்டு வாத்தியங்களின் பக்கம் திரும்பினான். ஆயினும் அந்த ஏழு ஆண்டுகள் வீண்போகவில்லை. ஒரு ஸ்வரம் தன் இடத்தில் நிற்கிறதா, இம்மியளவு வழுவுகிறதா என்று அறியும் செவி அவனுக்குள் அப்போதே உருவாகிவிட்டது. பிற்காலத்தில் அவர் தம் மாணவருக்கு அளித்த அனைத்துக்கும் அதுவே முதலீடு.

பின்னர் சுவாமி விவேகானந்தரின் உறவினரும் இசையமைப்பாளருமான அம்ருதலால் தத்தா என்ற ஹாபு தத்தாவிடம் பல வாத்தியங்களைக் கற்றார். கோவாவைச் சேர்ந்த லோபோ என்ற பாண்டு வாத்திய ஆசிரியரிடம் மேனாட்டு முறையில் வயலின் பயின்றார். ஷெனாய், பக்கவாஜ், தபலா என்று கைக்குக் கிடைத்த வாத்தியம் ஒவ்வொன்றையும் கற்றார். நாடக மேடைகளில் வாசித்துப் பிழைப்பும் நடந்தது.

செருக்கு உடைந்த காலை

இத்தனை வாத்தியங்களும் கைவந்துவிட்டன என்ற எண்ணம் இளைஞருக்குச் செருக்கைத் தந்தது. அந்தச் செருக்குடனேயே முக்தாகாச்சா ஜமீன்தாரும் இசை ரசிகருமான ஜகத் கிஷோர் ஆச்சார்யாவின் அவைக்குச் சென்றார். தமக்குத் தெரியாத வாத்தியம் இல்லை என்பதைக் காட்டி அவையைப் பிரமிக்கச் செய்வதே நோக்கம்.

அன்று அந்த அவையில் உஸ்தாத் அகமது அலி கான் சரோது வாசித்தார். கேட்கக் கேட்க இளைஞரின் உள்ளம் கலங்கியது. ஓர் இராகத்தை அவசரமின்றி, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் உயிர் கொடுத்து விரிக்கும் அந்த வாசிப்பின் முன்னே தம் திறமை யாவும் மேற்பரப்பில் மிதக்கும் சருகெனத் தோன்றியது. கண்ணீர் பெருகியது. போட்டியிட வந்தவர் அந்தக் கலைஞரின் காலில் விழுந்து தம்மைச் சீடனாக ஏற்குமாறு வேண்டினார்.

அலாவுதீன் கானின் வாழ்க்கையில் திருப்புமுனை இதுவே. அவையில் அவரை எவரும் குறை கூறவில்லை, தோற்கடிக்கவும் இல்லை. தம் செவி கேட்டதற்கும் தம் கை செய்வதற்கும் உள்ள தொலைவை அவரே அளந்தார். அளந்ததை மறைக்கவும் முயலவில்லை. தன் இசையைத் தானே சீர்தூக்கும் கலையின் முதற்பாடம் அது. மேலான ஒன்றைக் கேட்கும்போது பொறாமை எழலாம், சோர்வு எழலாம். அவ்விரண்டையும் கடந்து, இதை நான் எப்போது கற்பேன் என்ற தாகம் எழுமானால் அந்த மாணவனுக்கு வழி திறக்கிறது.

ராம்பூரில் காத்திருந்த சீடர்

அகமது அலி கானுக்குச் சமைத்துப் போட்டுப் பணிவிடை செய்தவாறே சில ஆண்டுகள் கழித்தார். நேர்முகமாகப் பெற்ற பாடங்களினும் குரு வாசிக்கும்போது ஒட்டுக்கேட்டுக் கற்றதே மிகுதி. அந்தத் தேடல் அவரை இறுதியில் ராம்பூர் சமஸ்தானத்துக்குக் கொண்டுவந்தது. தான்சேனின் பரம்பரையில் வந்த வீணை மேதை உஸ்தாத் வசீர் கான் அங்கே நவாப் ஹமீது அலி கானின் குருவாக விளங்கினார். ஓர் ஏழை இளைஞன் அவரை அணுகவே முடியவில்லை. மனம் வெறுத்த அலாவுதீன் ஒருநாள் நவாபின் மோட்டார் வண்டியின் முன்னே பாய்ந்து வழிமறித்தார். காரணத்தைக் கேட்டறிந்த நவாப் அவருடைய வாசிப்பைக் கேட்டு வியந்து, வசீர் கானிடம் தாமே பரிந்துரைத்தார்.

சீடராக ஏற்கும் சடங்கு முடிந்தது, பாடம் தொடங்கவில்லை. இரண்டரை ஆண்டுகள் குரு அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை என்பர். அந்நாட்களில் அவர் சமஸ்தான வாத்தியக் குழுவில் வாசித்தார். ராம்பூரில் நிறைந்திருந்த கலைஞர் அனைவரையும் கேட்டார். இரவெல்லாம் பயிற்சி செய்தார். ஊரில் மணம் முடித்த கையோடு விட்டுவந்த இளம் மனைவி துயரம் தாளாமல் உயிர்விட முயன்றார் என்ற செய்தி ஒருநாள் வந்தது. அதை அறிந்த வசீர் கான் இத்தனை காலம் ஒரு சீடனைக் கவனியாது விட்டோமே என்று வருந்தி, அன்று முதல் கற்பிக்கத் தொடங்கினார்.

பின்னாளில் தம் மூத்த மகனைப் பறிகொடுத்தபோது, தம் குடும்பத்துக்கென மறைத்து வைத்திருந்த அரிய பாடங்களையும் அந்தக் குரு இவருக்கே அளித்தார். வித்தையைப் பூட்டி வைப்பதால் நேரும் இழப்பை அலாவுதீன் கான் கண்கூடாகக் கண்டார். தாம் ஆசானானபோது குலம், மதம், செல்வம் எதையும் பாராமல், பெரும்பாலும் பொருள் பெறாமலேயே கற்பித்தார்.

மைஹரில் ஒரு குருகுலம்

இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள மைஹர் அப்போது ஒரு சிறு சமஸ்தானம். அதன் மன்னர் பிரிஜ்நாத் சிங் 1918-ஆம் ஆண்டு அலாவுதீன் கானைத் தம் இசைக் குருவாக அழைத்துக்கொண்டார். ஊருக்கு அருகே திரிகூட மலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளுக்கு மேலே சாரதா தேவியின் ஆலயம் உள்ளது. ஐவேளைத் தொழுகையை வழுவாது செய்த அந்த முஸ்லிம் பெரியவர், கலைமகளாகிய அந்தத் தேவியையும் தாயெனப் போற்றி வாழ்ந்தார். இசையே அவருக்கு வழிபாடு, பயிற்சியே தவம்.

அந்த ஆண்டில்தான் உலகெங்கும் பரவிய கொள்ளைக் காய்ச்சல் இந்நாட்டிலும் எண்ணற்ற உயிர்களைக் கொண்டுபோயிற்று. மைஹரில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் பலர் தெருவில் நின்றனர். அவர்களைச் சேர்த்து ஒரு வாத்தியக் குழுவை அமைத்தார் பாபா. எழுத்தறியாத அந்தச் சிறுவர் சிறுமியருக்குச் சிதார், சரோது, வயலின், செல்லோ, கிளாரினெட், தபலா எனத் தனித்தனியே கற்பித்தார். பழைய துப்பாக்கிக் குழல்களை வெவ்வேறு நீளத்தில் வெட்டி நளதரங்கம் என்ற புதிய வாத்தியத்தையும் செய்து அவர்களிடம் தந்தார். மைஹர் பாண்டு என்று புகழ்பெற்ற அக்குழு அவர் காலத்துக்குப் பின்னும் தொடர்ந்தது.

குழுவில் வாசிக்கும் குழந்தை தன் ஒலியை மட்டும் கேட்டுக்கொண்டிருக்க இயலாது. பக்கத்தில் இருப்பவனின் சுருதியோடு தன் சுருதி இணைகிறதா, எல்லோருடைய தாளத்தோடும் தன் தாளம் நடக்கிறதா என்று ஒவ்வொரு கணமும் தன்னைச் சோதித்தாக வேண்டும். தனியாக வாசிக்கும்போது மறைந்து நிற்கும் பிழை, பத்துப் பேரோடு வாசிக்கும்போது தானே வெளிப்படுகிறது. யாரும் இல்லை என்று வாடிய பிள்ளைகளுக்கு வயிற்றுக்குச் சோறும் சமூகத்தில் மதிப்பும் தந்த அக்குழு, அவர்களுடைய செவிக்கும் பள்ளியாயிற்று.

கேட்டே கற்ற மகள்

பாபாவின் பாடம் பெரும்பாலும் பாட்டாகவே அமைந்தது. ஒரு சஞ்சாரத்தை அவர் பாடுவார். மாணவர் அதை வாத்தியத்தில் திருப்பித் தர வேண்டும். சரியாக வரும்வரை அடுத்ததற்குப் போவதில்லை. எந்த வாத்தியம் பயில்பவராயினும் வாய்ப்பாட்டும் தாளமும் கற்றாக வேண்டும். தன் குரலில் பாட முடியாத ஒன்றை விரல்கள் மட்டும் செய்யுமானால் அது மனத்தில் பதியாத ஒலியாகவே நின்றுவிடும் என்பது அம்முறையின் அடிப்படை.

இம்முறையின் ஆற்றலைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று அவர் வீட்டிலேயே நடந்தது. மூத்த மகள் ஜஹானாராவுக்கு அவர் இசை கற்பித்திருந்தார். புகுந்த வீட்டார் அதை வெறுத்து அவருடைய தம்பூராவை எரித்தனர். அந்த வேதனையால், இளைய மகள் அன்னபூர்ணாவுக்கு இசை கற்பிப்பதில்லை என்று தந்தை முடிவு செய்திருந்தார். ஒருநாள் தந்தை வெளியே சென்றிருந்தபோது மகன் அலி அக்பர் முற்றத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்தார். விளையாடிக்கொண்டிருந்த தங்கை, அப்பா சொன்னது இப்படியன்று என்று கூறி, அந்த இடத்தைப் பிழையின்றிப் பாடிக் காட்டினாள். திரும்பி வந்த தந்தை பின்னால் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்ததை அவள் அறியவில்லை. கண்டித்து அடிப்பார் என்று நடுங்கிய சிறுமியை அவர் அழைத்துச் சென்று, அன்றே பாடம் தொடங்கினார்.

அண்ணன் வாசித்துக்கொண்டே இருந்தார். தங்கை கேட்டுக்கொண்டே இருந்தாள். செய்பவருக்குத் தெரியாத பிழை கேட்பவருக்குத் தெரிந்தது. வாசிக்கும் வேளையில் விரலும் மனமும் அடுத்த இடத்தை நோக்கி விரைவதால், கடந்துபோன ஒலி செவியில் நிற்பதில்லை. ஆகவே உடன்பயில்வோரின் செவி ஒவ்வொரு மாணவனுக்கும் வேண்டும். அதைக் குறைகூறலாகக் கருதாமல் ஏற்கும் மனமும் வேண்டும்.

சில காலம் சிதார் பயின்ற மகளை, பிறகு சுர்பஹார் என்ற கனத்த நாதமுடைய வாத்தியத்துக்குத் திருப்பினார் தந்தை. சிதாரைக் கூட்டம் விரும்பும், பாராட்டும். சுர்பஹாரின் ஆழத்தை உணர்ந்தவர் மட்டுமே போற்றுவர், மற்றவர் பழிக்கவும் கூடும் என்பதை அவர் ஒளிக்காமல் எடுத்துரைத்தார். எதை வேண்டுமென்று முடிவு செய்வதை மகளிடமே விட்டார். மகள் சுர்பஹாரை ஏற்றார். 2018-ஆம் ஆண்டு மறையும்வரை அன்னபூர்ணா தேவி, பல பத்தாண்டுகள் பொதுமேடையை நாடாமலேயே இசையில் வாழ்ந்து, ஹரிபிரசாத் சௌராசியா போன்ற கலைஞர்களுக்குக் குருவாக விளங்கினார்.

சுடுசொல்லும் கண்ணீரும்

பாபாவின் கோபம் மைஹர் முழுவதும் அறிந்தது. சொந்த மகனையே மரத்தில் கட்டிவைத்து அடித்ததுண்டு. தாளமுடியாமல் அலி அக்பர் ஒருமுறை வீட்டைவிட்டே ஓடியதும் உண்டு. அந்தக் கடுமையை இக்கால ஆசிரியர் பின்பற்ற வேண்டியதில்லை, பின்பற்றவும் கூடாது. அடிக்கு அஞ்சும் மாணவன் தன் பிழையை ஆராய்வதில்லை, மறைக்கவே முற்படுகிறான். இதைப் பாபாவும் ஒருமுறை உணர நேர்ந்தது.

1935-ஆம் ஆண்டு நடனக் கலைஞர் உதயசங்கரின் குழுவோடு அவர் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். பம்பாய்த் துறைமுகத்தில் உதயசங்கரின் தாய், தம் கடைசி மகன் ரவியின் கையைப் பாபாவின் கையில் வைத்து, இவனை உங்கள் பிள்ளையாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மகனை அத்தாய் மீண்டும் காணவே இல்லை. அடுத்த ஆண்டே காலமானார். 1938-ஆம் ஆண்டு, ஐரோப்பிய நகரங்களின் பகட்டு வாழ்வைத் துறந்து, தலையை மழித்துக்கொண்டு எளிய உடையில் மைஹர் வந்து சேர்ந்தார் ரவிசங்கர்.

பாடத்தின்போது ஒருநாள் ஒரு பயிற்சி அவருக்குக் கைவரவில்லை. பொறுமையிழந்த குரு, மணிக்கட்டில் வலுவில்லையே, கடைக்குப் போய் வளையல் வாங்கிப் போட்டுக்கொள் என்று சினந்தார். அதுவரை கடுஞ்சொல் கேட்டறியாத அந்த இளைஞர் மனம் உடைந்து, மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் புறப்பட ஆயத்தமானார். அலி அக்பர் அவரைத் தடுத்து வீட்டுக்கு அழைத்து வந்தார். உள்ளே நுழைந்தபோது பாபா ரவியின் புகைப்படம் ஒன்றை அளவாக வெட்டிச் சட்டத்தில் பொருத்திக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் ஒரு தாய் தம் கையில் ஒப்படைத்த பிள்ளையாகவே உன்னை நினைக்கிறேன், ஒரு சொல்லுக்காக என்னை விட்டுப் போகலாமா என்று தழுதழுத்தார். குருவும் சீடரும் கண்ணீர் விட்டனர். ரவிசங்கர் தங்கினார், ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் கற்றார். 1999-ஆம் ஆண்டு பாரத ரத்னா விருது பெற்ற அக்கலைஞரின் வாழ்வு, அன்று அந்த வீட்டின் வாசற்படியில் ஊசலாடியது.

பிழையைச் சுட்டுவது வேறு, பிள்ளையைச் சுடுவது வேறு. மணிக்கட்டு வலுவிழந்திருக்கிறது என்பது மாணவன் நாளை திருத்திக்கொள்ளக்கூடிய செய்தி. வளையல் வாங்கிக்கொள் என்பது அவன் திருத்திக்கொள்ளவே இயலாத அவமானம். கோபத்திற்குப் பெயர்போன அந்த முதியவர் தம் சொல்லின் விளைவைத் தாமே சீர்தூக்கிப் பார்த்து இறங்கி வந்தார்.

புகழுக்குப் பின்னும் பாடம்

1947-ஆம் ஆண்டு வாக்கில் நிகில் பானர்ஜி மைஹருக்கு வந்தபோது அவர் புதியவர் அல்லர். ஒன்பது வயதிலேயே வானொலிக் கலைஞராகப் பெயர் பெற்றவர். புதிதாக மாணவரைச் சேர்க்க விரும்பாத பாபா, அவருடைய வானொலி நிகழ்ச்சி ஒன்றைக் கேட்ட பின்னரே இசைந்தார். ஊர் மெச்சிய இளைஞருக்கு மைஹரில் கிடைத்தது மீண்டும் அடிப்படைப் பயிற்சி. விடியற்காலை நான்கு மணிக்குத் தொடங்கி, சிறு இடைவெளிகளோடு இரவு பதினொரு மணிவரை அது நீடித்தது. ரவிசங்கருக்குக் கற்பித்ததையே பாபா அப்படியே இவருக்கும் கற்பிக்கவில்லை. இருவருடைய கையின் இயல்பும் மனத்தின் போக்கும் வெவ்வேறு என்றறிந்து பாடங்களை வேறுபடுத்தினார். இருவரும் சிதார் கலைஞரே; இருவருடைய வாசிப்பும் இருவேறு தனித்தன்மைகளோடு மலர்ந்ததற்கு இது ஒரு காரணம். ஒருவனைப் பார்த்து மற்றவன் ஏங்காமல், தன் நேற்றைய இசையோடு இன்றைய இசையை ஒப்பிடக் கற்றுக்கொள்வதற்கு அம்முறை இடம் தந்தது.

மகன் அலி அக்பர் பதின்மூன்றாம் வயதிலேயே அலகாபாத்தில் மேடையேறியவர். ஆயினும் தந்தையின் மனமார்ந்த பாராட்டுக்கு அவர் நெடுங்காலம் காத்திருந்தார். வளர்ந்து பெரும் கலைஞரான பிறகே தந்தை அவருக்கு ஸ்வர சாம்ராட் என்ற பட்டத்தை வழங்கினார். உலகம் அளித்த விருதுகள் அனைத்தினும் அதையே உயர்வாக மதித்தார் அலி அக்பர். பத்தாண்டுப் பயிற்சி தன்னையும், அதற்கு மேலும் பல ஆண்டுகள் அவையையும், இன்னும் பல ஆண்டுகள் குருவையும் மகிழ்விக்கலாம். இறைவனை மகிழ்விக்க அதற்கு அப்பாலும் உழைக்க வேண்டும் என்ற கருத்தைத் தம் மாணவருக்கு அவர் வலியுறுத்தினார். அந்த வரிசையில் அவையின் மகிழ்ச்சி பாதி வழியிலேயே வந்துவிடுவது நோக்கத்தக்கது.

அலாவுதீன் கானுக்கு 1958-இல் பத்ம பூஷணும் 1971-இல் பத்ம விபூஷணும் வழங்கப்பெற்றன. ஹேமந்த், சோபாவதி முதலிய புதிய இராகங்களை அவர் படைத்தார். காத்திருந்த மனைவியின் பெயரால் மதன்மஞ்சரி என்ற இராகத்தையும் அமைத்தார். 1972-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் மைஹரிலேயே அவருடைய வாழ்வு நிறைவுற்றது.

இளம் உள்ளங்களுக்கு

இசை பயிலும் பிள்ளைகளைப் பெற்றோர், ஆசிரியர் ஆகியோருக்கு இவ்வாழ்வு தரும் வழிகாட்டுதல் தெளிவானது. கச்சேரி முடிந்ததும் குழந்தையிடம் நன்றாகப் பாடினாய் என்றோ, கெடுத்துவிட்டாய் என்றோ தீர்ப்புக் கூற விரைய வேண்டாம். எந்த இடத்தில் சுருதி சேர்ந்தது, எந்த இடத்தில் தாளம் ஓடியது, எந்த இடத்தில் மனம் லயித்தது என்று அக்குழந்தையே சொல்லட்டும். அது சொல்லாமல் விட்டதை மறுநாள் அமைதியாகப் பாடிக் காட்டலாம். தன்னைவிட மேலானவரை அது நிறையக் கேட்கட்டும். தோழரோடு சேர்ந்து பாடட்டும். தோழரின் செவிக்கும் மதிப்புத் தரட்டும்.

தன் பிழையைத் தானே கண்டு, அதனால் சோர்ந்துவிடாமல் மறுநாள் விடியலில் மீண்டும் சுருதி கூட்டி அமரும் பிள்ளைக்கு இசை ஒரு சாதனையாகிறது. முக்தாகாச்சாவில் தம்மைத் தாமே அளந்து அழுத ஓர் இளைஞரின் கண்ணீரிலிருந்துதான் மைஹர் என்ற பெரும் இசை மரபு முளைத்தது.